சயத்தாரும் மற்ற விடையும்

இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு விடை உண்டு என்பதை வன்னிப் பெருநிலத்தில் மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் சயத்தார்தான். மற்ற எல்லோரும், கணக்கு வாத்திமார் உட்பட, இரண்டைக் கண்டுபிடித்து, ஒன்றை எறிந்துவிட்டு, மற்றதோடு சந்தோசமாகக் குடும்பம் நடத்துகிறவர்கள். நானும் அந்தக் கூட்டந்தான். போதாக்குறைக்குக் கணிதத்தில் திறமைச் சித்தி, அதாவது உயர்ந்த தேர்ச்சி, பெற்றவன்.

எங்கள் பக்கத்துக் கணக்குப் புத்தகங்களில் கூட்டல் குறிக்குச் 'சக' என்றும், கழித்தல் குறிக்குச் 'சய' என்றும் பெயர். பூச்சியத்துக்குக் கீழே இறங்கிப் போன எண்களைச் சய ஒன்று, சய இரண்டு என்று சொல்வோம். அந்த எண்களுக்காக வழக்காடியே ஒருவர் தன் உத்தியோக உயர்வைத் தொலைத்தார் என்றால், அவருக்குச் சயத்தார் என்பதைவிட வேறு என்ன பெயர் வைப்பது? அவருடைய சொந்தப் பெயர் கந்தோர் என்று நாங்கள் சொல்லும் அலுவலகத்தின் வரவுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. அங்கே பார்த்தால்கூட யாரோ அந்நியர் வேலைக்கு வந்து போவதுபோல இருக்கும்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. அக்கராயன் பக்கத்தில் காட்டை அளந்து, குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் வயற்காணி என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அளக்கிற கூடாரத்தில் நாங்கள் நிரந்தரமாக மூன்று பேர். முதலாமவர் நில அளவையாளர். அவரைச் சேவையர் ஐயா என்போம். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். அவருக்கென்று ஒரு கான்வஸ் மடக்குக் கதிரை இருந்தது. அதில் வேறு ஒருவரும் உட்கார்ந்தது கிடையாது. காணி அதிகாரி வந்தாலும் மரக்குற்றியில்தான் இருப்பார். இரண்டாவது நான், படம் வரைகிறவன். மூன்றாவது சயத்தார். காணி அளக்கும் இரும்புச் சங்கிலியின் முன் நுனியைப் பிடித்துக்கொண்டு முள்ளுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் பதினைந்து வருடமாக நடந்தவர்.

பதினைந்து வருட நடையில் அவருடைய வலது முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. காலையில் எழுந்து நிற்கவே கூடாரத்தின் நடுக்கம்பு வேண்டும். கிளிநொச்சிக் கந்தோரில் வரைபட அறை என்று ஒன்று இருந்தது. அங்கே நாள் முழுக்கக் கதிரையில் இருந்து காணிப் படங்களைச் சரிபார்க்கிற வேலை. அதற்குப் போகக் கந்தோர் வருடத்துக்கு ஒருமுறை பரீட்சை வைக்கும். மற்றப் பாடங்களில் எப்போதோ சித்தியடைந்துவிட்டார். கணிதம் ஒன்றுதான் பாக்கி. நாற்பது வயதுக்கு மேல் எழுதவும் விடமாட்டார்கள். நான் அந்தக் கூடாரத்துக்கு வந்தபோது அவருக்கு முப்பத்தாறு.

ஆகவே அவர் பயிற்சி செய்தார். எப்படிச் செய்தார் என்பதை அனுபவித்தவர்கள்தான் அறிவார்கள்.

காரணிப்படுத்துவதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு எண்கள் வேண்டும். பெருக்கினால் கடைசி எண் வரவேண்டும், கூட்டினால் நடு எண் வரவேண்டும். உலகத்தில் யாரைக் கண்டாலும் சயத்தார் இதைத்தான் கேட்பார். சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. முல்லைத்தீவிலிருந்து கருவாட்டுச் சாக்கோடு சைக்கிளில் வரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார், அவரைக் காக்கா என்போம். அவர் சைக்கிளை மரத்தில் சாத்துவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"காக்கா, கூட்டினால் பதின்மூண்டு, பெருக்கினால் முப்பத்தாறு. என்ன ரெண்டு?"

"நாலும் ஒம்பதும். கருவாடு வேணுமா, வேணாமா?"

"நில்லுங்கோ. கூட்டினால் சய அஞ்சு, பெருக்கினால் ஆறு."

காக்கா சாக்கை அவிழ்ப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"தம்பி, சைபருக்குக் கீழ நான் யாவாரம் செய்யிறதில்ல."

சங்கிலி இழுக்கும்போதும் இதே பாடுதான். முன் நுனிக்காரர் ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் எண்ணிக்கையைக் கூவிச் சொல்லவேண்டும், நான் குறித்துக்கொள்ளவேண்டும். ஒருநாள் குளக்கட்டை அளந்துகொண்டு போகிறோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. "எத்தினையாவது சங்கிலி, அண்ணை?" என்று கேட்டேன். தூரத்திலிருந்து பதில் வந்தது: "எக்ஸ் சக மூண்டு." எக்ஸ் எத்தனை என்று அவருக்கும் தெரியவில்லை. குளக்கட்டை முதலிலிருந்து திரும்ப அளந்தோம்.

கடதாசி முடிந்துவிட்டால் மரம் இருக்கிறது. காட்டுக்குள் நேர்கோடு வெட்டிப் போகும்போது அடையாளத்துக்காக மரங்களின் பட்டையைக் கொஞ்சம் செதுக்கிவிடுவார்கள். அந்த வெள்ளைப் பரப்பைக் கண்டால் சயத்தாருக்குக் கை துறுதுறுக்கும். பாலை மரத்தில் கரியால் 'எக்ஸ் வர்க்கம் சய ஏழு எக்ஸ் சக பன்னிரண்டு' என்று கேள்வி. அடுத்த வீரை மரத்தில் நடு உறுப்பைப் பிரித்திருப்பார். அதற்கடுத்த முதிரை மரத்தில் 'எக்ஸ் சமன் மூன்று, நாலு'. காட்டுக்குள் தனியாக நடந்து போகிறவன் வெளியே வரும்போது பாதிக் கணிதம் படித்துவிட்டுத்தான் வருவான்.

இதை வனக் காவலர் இருவர் கண்டார்கள். களவாக மரம் வெட்டுகிற கூட்டத்தின் இரகசியக் குறி என்று முடிவு செய்தார்கள். மூன்றும் நாலும் திகதிகள் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அடுத்த மாதம் மூன்றாம் திகதி காலையிலிருந்து முதிரை மரத்தடியில் பற்றைக்குள் பதுங்கி இருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. நாலாம் திகதி பத்து மணிக்குச் சயத்தார் நொண்டி நொண்டி வந்தார். ஒரு மாதமாக மனதுக்குள் உறுத்திக்கொண்டிருந்த ஒரு குறியைச் சரிபார்க்க வந்தவர், கையில் கத்தியோடு வந்ததுதான் பிழையாகப் போய்விட்டது.

சேவையர் ஐயா போய் அவரை மீட்டுக்கொண்டு வந்தார்.

"இவர் மரம் வெட்டுற ஆள் இல்லைக் காணும்," என்று காவலர்களிடம் சொன்னாராம். "வந்த விடையையே வெட்டத் தெரியாத மனுசன்."

அதுதான் அவருடைய வியாதி. காரணிப்படுத்துவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. நான் பேனையை எடுப்பதற்குள் அவர் அடைப்புக்குறி இரண்டையும் மூடிவிடுவார். ஆனால் வசனக் கணக்கு வந்தால் தொலைந்தார். நான் பார்க்க அவர் எழுதிய முதல் பரீட்சையில், தகப்பன் மகனைவிட நாற்பத்திரண்டு வயது மூத்தவர், தகப்பனின் வயது மகனுடைய வயதின் வர்க்கம், மகனின் வயது என்ன என்று கேட்டிருந்தார்கள். விடை ஏழு. மற்ற விடை சய ஆறு. ஊர் உலகத்தில் எல்லோரும் சய ஆறைக் குறுக்கே ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு எழும்பிப் போவார்கள். சயத்தார் போகவில்லை. அதற்கு விளக்கம் எழுதினார். தகப்பனுக்கு இப்போது முப்பத்தாறு வயது. மகன் பிறக்க இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. ஆகவே தகப்பனுக்குக் கலியாணம் பேசுவதற்குப் போதிய காலம் உண்டு. இதை ஒன்றரைப் பக்கம் எழுதி முடிக்கப் பரீட்சை நேரம் முடிந்துவிட்டது. மற்றக் கேள்விகள் அப்படியே கிடந்தன.

"அண்ணை, பிறக்காத பிள்ளைக்கு என்னண்டு வயது வரும்?" என்று கேட்டேன்.

"ஏன் வராது? எனக்கும் முப்பத்தாறுதானே. கலியாணமும் இல்லை. அந்தாளும் என்னை மாதிரி ஆரோ ஒருத்தன். அவனை எப்பிடித் தம்பி வெட்டுறது?"

அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் வேறு வேறு கணக்குகள், அதே சங்கதி. நான் அவரைத் திருத்தப் பார்த்தேன். சய விடை வந்தால் 'பொருந்தாது' என்று ஒரு சொல் எழுதி வெட்டினால் போதும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்பார்.

"தம்பி, அடிச்ச முளையிலையிருந்து முன்னுக்கு அஞ்சு சங்கிலி போ எண்டால் போறன். அது சக அஞ்சு. பின்னுக்கு ஆறு வா எண்டால் வாறன். அது சய ஆறு. ரெண்டுக்கும் நடக்கிறது என்ரை கால்தானே? பின்னுக்கு நடந்தால் முள்ளுக் குத்தாதோ?"

படித்தவன் நான். வேப்பெண்ணெய்ப் போத்தலை மூடி வைப்பேன்.

அவருக்கு நாற்பது பிறக்கிற வருடம் வந்தது. கடைசிப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் மாணிக்கத்தாரின் காணி விவகாரம் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

மாணிக்கத்தார் தீவுப் பக்கத்திலிருந்து மனைவியோடும், பாக்கியம் என்ற தங்கச்சியோடும் வந்து குடியேறியவர். கந்தோர் அவருக்குக் கொடுத்த கடிதத்தில், இன்ன இலக்க எல்லை முளையிலிருந்து மூன்று ஏக்கர், நீளம் அகலத்தைவிட ஒரு சங்கிலி கூட என்று மட்டும் இருந்தது. எந்தப் பக்கம் என்று எழுத மறந்துவிட்டார்கள். அவர் முளைக்குப் பின்னால் இருந்த காட்டை வெட்டி, வேர் கிளப்பி, வரம்பு கட்டி, விதைத்தும் விட்டார். நாங்கள் படத்தோடு போய்ப் பார்த்தபோது பயிர் முழங்கால் உயரம் நிற்கிறது. எங்கள் படத்தில் அவருடைய காணி முளைக்கு முன்னால். அங்கே ஒரு கத்தி படாத காடு.

சேவையர் ஐயா குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "இது உம்முடைய காணி இல்லை. விட்டிட்டு முன்பக்கம் போகவேணும்."

மாணிக்கத்தார் வரம்பில் குந்திவிட்டார். பாக்கியந்தான் கதைத்தா.

"ஐயா, ஒரு வருசமாய் மூண்டு பேரும் கிளப்பின வேர் இது. முன்பக்கம் யானை படுக்கிற இடம். அங்கை போய் திரும்ப முதலிலையிருந்தோ?"

அப்போது சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு எங்கள் ஆள் முன்னால் வந்தார்.

"ஐயா, அகலத்தை எக்ஸ் எண்டு வையுங்கோ."

சேவையர் ஐயா கண்ணை மூடிக்கொண்டார். நானும்.

ஆனால் கணக்கு அங்கே நின்றது. அகலம் எக்ஸ், நீளம் எக்ஸ் சக ஒன்று. மூன்று ஏக்கர் என்றால் முப்பது சதுரச் சங்கிலி. எக்ஸ் வர்க்கம் சக எக்ஸ் சய முப்பது, சமன் பூச்சியம். பெருக்கினால் சய முப்பது, கூட்டினால் ஒன்று: ஆறும் சய ஐந்தும். காரணி இரண்டு, ஒன்று எக்ஸ் சக ஆறு, மற்றது எக்ஸ் சய ஐந்து. விடை ஐந்து, அல்லது சய ஆறு.

"அஞ்சு எண்டது உங்கட படத்திலை இருக்கிற காணி," என்றார் சயத்தார். "முன்னுக்கு அகலம் அஞ்சு, நீளம் ஆறு. சய ஆறு எண்டது இது. பின்னுக்கு அகலம் ஆறு, நீளம் அஞ்சு. சய ஆறோடை ஒண்டைக் கூட்டினால் சய அஞ்சுதானே. கடிதத்திலை பக்கம் சொல்லேல்லை. இவர் மற்ற விடையை உழுதிருக்கிறார், ஐயா."

"சங்கிலியைப் பின்னுக்குப் பிடியும்," என்றார் சேவையர் ஐயா.

அளந்தோம். மாணிக்கத்தார் கயிற்றால் அளந்தவர். திசையையும் மாற்றி, அகலத்தையும் நீளத்தையும் மாற்றி இரண்டு பிழை விட்டிருந்தார். இரண்டு பிழையும் சேர்ந்து, ஒரு சாண்கூடப் பிசகாமல், அகலம் ஆறு நீளம் ஐந்து என்று சய ஆறில் போய் விழுந்திருந்தன. சேவையர் ஐயா அளவுகளைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். பிறகு படத்தை என்னிடம் தந்து, "தம்பி, இதை மற்றப் பக்கமாய்க் கீறும்," என்றார். பின்பக்கம் வேறு ஒருவருக்கும் கொடுக்காத காடு என்பதால் கந்தோரும் ஏற்றுக்கொண்டது. அன்றைக்குப் பாக்கியம் தந்த தேத்தண்ணியை நாங்கள் குடித்தோம். சயத்தார் ஆறவிட்டுக்கொண்டே சமன்பாட்டை அவவுக்கு இரண்டாம் முறையும் விளங்கப்படுத்தினார். அவ முழுதும் கேட்டா என்பதுதான் அதிசயம்.

இத்தனை வருடப் பிடிவாதத்துக்கு இப்போது மூன்று ஏக்கர் சாட்சி வேறு கிடைத்துவிட்டது. இந்த மனிதர் இனி எப்படி வெட்டப் போகிறார்?

பரீட்சைக்கு முதல் நாள் சேவையர் ஐயாவே அவரைக் கூப்பிட்டார். அவர் அப்படி ஒருவரைக் கூப்பிட்டுக் கதைத்ததை நான் பார்த்ததில்லை.

"காணும், வயலிலை நீர் சொன்னது சரி. பரீட்சையிலை அது சரிவராது. உம்முடைய முழங்காலைப் பாரும். நாளைக்குச் சய விடை வந்தால் வெட்டும்."

சயத்தார் முழங்காலைப் பார்த்தார்.

"வெட்டுறன், ஐயா."

"எனக்குச் சொன்ன சொல்."

"ஓம், ஐயா. சொன்ன சொல்."

பரீட்சை வவுனியாவில். நானும் துணைக்குப் போனேன். பஸ் ஓமந்தை கடந்த பிறகும் பெட்டிப்பாம்பாய் இருந்தார். யாரிடமும் எதையும் கூட்டவோ பெருக்கவோ கேட்கவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது. மூன்று மணி நேரம் மதிலோரம் காத்து நின்றேன். வெளியே வந்தவரின் முகம் தெளிவாக இருந்தது.

"காணிக் கணக்கு வந்ததோ, அண்ணை?"

"வந்தது. எங்கட முளைதான் தம்பி, அச்சொட்டாய். மூண்டு ஏக்கர், நீளம் ஒரு சங்கிலி கூட."

"விடை?"

"அஞ்சு, சய ஆறு."

"வெட்டினீங்களோ?"

"வெட்டினன்."

அவரைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது. தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் வடையும் வாங்கிக் கொடுத்தேன். பாதி வடை முடிந்த பிறகுதான் சொன்னார்.

"சய ஆறை வெட்டத்தான் பேனையை வைச்சனான். வைச்ச உடனை மாணிக்கத்தாற்றை வயல் கண்ணுக்கு முன்னாலை வந்திட்டுது. பயிர் நிக்குது. பாக்கியம் எண்ட அந்தப் பிள்ளை வரம்பிலை நிக்குது. அதை வெட்டினால் அதுகள் எங்கை போறது?"

"அப்ப?"

"ஐயாவுக்கு வெட்டுறன் எண்டு சொன்ன சொல் இருக்கெல்லே. அதாலை அஞ்சை வெட்டினன். அங்கை ஆரும் இல்லை தம்பி. வெறும் காடு."

நான் என் வடையைக் கீழே வைத்துவிட்டேன்.

முடிவு ஒரு மாதத்தில் வந்தது. சித்திக்கு நாற்பது புள்ளி வேண்டும். முப்பத்துநாலு. கடிதத்தைச் சயத்தார் இரண்டு தரம் வாசித்தார். "ஆறு குறையுது," என்றார். பிறகு, "சய ஆறு. பாத்தீரே, சொல்லிவைச்சது மாதிரி வந்திட்டுது," என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே நடுக்கம்பைப் பிடித்து எழும்பினார். எழும்ப வெகுநேரம் எடுத்தது. அந்த வருடங்களில் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது அந்த ஒரு தரந்தான்.

அடுத்தநாள் காலை வேலைக்கு இறங்கினோம். சயத்தார் வழக்கம்போலச் சங்கிலியை எடுக்கக் குனிந்தார். சேவையர் ஐயா அதைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றார்.

"விடும். தம்பி எடுக்கட்டும்."

நான் திகைத்தேன். "ஐயா, நான் படம் வரையிற ஆள்."

"நீர் கணிதத்திலை திறமைச் சித்தி. சங்கிலி பிடிக்க அது போதும்." பிறகு தன்னுடைய கான்வஸ் கதிரையைத் தானே தூக்கி வந்து பாலை மர நிழலில் விரித்தார். குறிப்புப் புத்தகத்தை அதன் மேல் வைத்தார். "காணும், இதிலை இருந்து எழுதும். எனக்குக் கண் தெரியேல்லை."

அவருக்குக் கண் பருந்துக்கண். காணி அதிகாரியே இருக்கத் துணியாத கதிரையில் சயத்தார் முதல் நாள் நுனியில் இருந்தார். இரண்டாம் நாள் சாய்ந்தார். மூன்றாம் நாள், வெயிலுக்குள் முன் நுனியைப் பிடித்து நிற்கிற என்னைப் பார்த்து, "தம்பி, எத்தினையாவது சங்கிலி?" என்று கேட்டார். எக்ஸ் சக மூன்று என்று கத்தவேண்டும்போல இருந்தது.

அடுத்த இரண்டு வருடம் இப்படியே போயிற்று. கந்தோரிலிருந்து யாராவது வந்தால் நான் கதிரைப் பக்கம் ஓடிவருவேன், அவர் சங்கிலியை மடியில் வைத்துக்கொள்வார். அதற்கிடையில் பாக்கியத்தைக் கலியாணம் செய்தார். சமன்பாட்டை இரண்டு முறை கேட்ட பெண்ணை அவர் எப்படி விடுவார்? இடமாற்றம் கிடைத்து நான் புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது ஒருநாள் வேலைக்குப் பிந்தி வந்தார். என் கையில் ஒரு துண்டுக் கடதாசியைத் தந்தார். அவருடைய குண்டு எழுத்து: 'மகன் பிறந்திருக்கிறான். எனக்கு வயது நாற்பத்திரண்டு. சய ஆறு சரி என்று பரீட்சைக்காரருக்கு அறிவிக்கவும்.'

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. மழை தொடங்கினால் வலது முழங்கால் வீங்கி, எழும்பக் கதவு நிலையைப் பிடிக்கவேண்டியிருக்கிறது. இரண்டு வருடம் சங்கிலி இழுத்ததன் மிச்சம். ஊசி போட்டு மாற்றிவிடலாம் என்று டொக்டர் சொல்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். அது என்னுடைய நோவு இல்லை, சயத்தாருடையது. அவருக்காக நான் செய்த ஒரே வேலையின் அடையாளம், இருந்துவிட்டுப் போகட்டும்.